கரண்ட் போவது மழையில்தான்: குமரி மாவட்ட வீட்டுக்கான சோலார் பேட்டரி கணக்கு

எங்கள் மாவட்டத்தில் கரண்ட் போனால், பெரும்பாலும் அதற்கு மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக இருப்பதில்லை. மலைமேல் கோதையாறு நீர்மின் நிலையம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் முப்பந்தலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். கரண்ட் வீடு வந்து சேரும் வழியில்தான் பிரச்சினை. கம்பி போகும் பாதையெல்லாம் தென்னை, ரப்பர், பலா, அயனி. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவக் காற்றிலோ ஐப்பசி அடைமழையிலோ ஏதோ ஒரு விளையில் (தோட்டத்தில்) ஒரு தென்னை மட்டை கம்பிமேல் சரிந்தால் போதும், மூன்று ஊர் இருட்டாகிவிடும்.

சோலார் போட நினைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டிய சங்கடம் இதற்குள்தான் இருக்கிறது. பேட்டரி நமக்கு அவசரமாகத் தேவைப்படும் நாளும், பேனலுக்கு வெயில் கிடைக்காத நாளும் ஒரே நாள். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆண்டுச் சராசரியாக அது சரிதான். ஆனால் வானம் மூடிக்கிடக்கும் கார்த்திகை நாளில் அதில் கால்பங்குகூடத் தேறாது. விற்க வருகிறவர் பங்குனி, சித்திரை வெயிலை வைத்துக் கணக்குச் சொல்வார். நாம் கார்த்திகையை வைத்துக் கேட்க வேண்டும்.

கார்த்திகை என்றால் இங்கே யாருக்கும் ஒக்கி நினைவுக்கு வரும். 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் மாவட்டத்தை உரசிப் போனபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் வந்து இராப்பகலாக வேலை செய்தும், பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை, கடலுக்குப் போனவர்களைப் பற்றிச் செய்தி கேட்கவும் வழி இல்லை. அப்படிப்பட்ட ஒரு வாரத்தை முழுக்கப் பேட்டரியில் ஓட்டுவது சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஓர் இரவை மரியாதையாகக் கடத்தலாம். இந்தக் கட்டுரையின் கணக்கு அவ்வளவுக்குத்தான்.

பேனல் இருந்தும் இருட்டு

கடற்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் அரசு மானியத்தில் 3 கிலோவாட் போட்டார். ஒரு மதியம் நல்ல வெயில், லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பேனல் இருந்தும் இவர் வீட்டு ஃபேனும் நின்றுவிட்டது. பொருத்தியவர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்துப்போய் வந்தார். ஏமாற்றவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அவர் போட்டது ஆன்-கிரிட், பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. ஈபி லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த நொடியே அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், அதுதான் விதி. ஒக்கிக்குப் பிறகு கம்பத்தில் ஏறியவர்களை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். லைனை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் கம்பியைத் தொடும்போது, ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடி வந்தால் அவர் உயிர் போகும். ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் செருகி ஓட்டும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகத்தான் விட வேண்டும்; லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இடையில் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

ஆஃப்-கிரிட் என்பது பேட்டரியை நம்பித் தனியாக ஓடுவது. லைனுக்கு எதையும் திருப்பி அனுப்பாது. நம் வீடுகளில் பழைய இன்வெர்ட்டரோடு இரண்டு பேனலைச் சேர்த்து ஓடுகிறவை இந்த வகை. மூன்றாவது ஹைப்ரிட்: கரண்ட் இருக்கும்போது லைனோடு சேர்ந்து ஓடும், போனதும் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நாம் பிரித்துக் கொடுத்த சுற்றுக்கு (சர்க்யூட்டுக்கு) மட்டும் மின்சாரம் தரும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு என் வாக்கு ஹைப்ரிட்டுக்குத்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். லைனோடு இணைந்த மாடிப் பேனலுக்குத்தான் அது. பேட்டரிச் செலவு முழுக்க நம் தலையில். லைனுக்குக் கொடுத்ததை வாங்கியதிலிருந்து கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் உள்ள வீட்டுக்குப் பில்லைக் குறைக்கப் பேட்டரி தேவையுமில்லை, பகலில் மிஞ்சுவதை லைனே வாங்கிக்கொள்ளும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் இந்த மாநிலத்தில், ‘பேட்டரி போட்டால் போட்ட காசு திரும்பி வரும்’ என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இருட்டில் உட்காராமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலை நமக்குத் தேவையா என்று கேட்டுக்கொள்வதுதான் நியாயம்.

ஓர் இரவின் கணக்கு

பேனல் எத்தனை என்று தொடங்காமல், இரவில் எது ஓட வேண்டும் என்று தொடங்குங்கள். எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். கரண்டைக் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் நான்கு, பத்து மணி நேரம்: 1,200 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு, ஐந்து மணி நேரம்: 270. டிவி மூன்று மணி நேரம்: 240. வைஃபை 120, நான்கு செல்போன் 60. ஃபிரிட்ஜ் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சுமார் 500. எல்லாம் சேர்த்தால் 2,390; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட், அதாவது 2.4 யூனிட். இதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன்கள் இருந்தால் ஃபேனுக்கு மட்டும் 3 யூனிட். பேட்டரியைப் பெரிதாக வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள், அதுதான் சீப்.

பலரும் விட்டுவிடும் ஓர் எண் இருக்கிறது: இன்வெர்ட்டர் தானே தின்பது. 5 கிலோவாட் ஹைப்ரிட் ஒன்று சும்மா விழித்திருக்கவே சுமார் 50 வாட் எடுக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. ஆக நம் இரவு 3 யூனிட்.

இப்போது பேட்டரி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி (ஈய-அமில வகை) ஒன்றில் இருப்பது 1.8 யூனிட். ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் குறையும், எனவே கைக்கு வருவது 0.9 யூனிட்தான். நான்கு பேட்டரி போட்டால் 3.6, நம் இரவைத் தாண்டலாம், அதற்குமேல் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பெட்டி ஒன்று 5.12 யூனிட், எண்பது சதவீதம் எடுத்தாலே 4 யூனிட்டுக்கு மேல். டியூபுலர் முதலில் கைக்கு அடக்கம், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். லித்தியத்துக்கு முதலீடு அதிகம், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏறி இறங்குவதைத் தாங்கும். தினமும் பயன்படுத்துகிறவருக்கு லித்தியம். மாதத்துக்கு நாலு தடவை கரண்ட் போகும், அவ்வளவுதான் என்பவருக்கு டியூபுலரே போதும். எதுவானாலும் பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துப் பூட்டாதீர்கள். தளர்ந்த பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

கிணற்று மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதது ஏன் என்று கேட்பீர்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட்தான். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்குவதைவிட, மழை வரும் என்று வானிலை அறிவிப்பு வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம். ஹீட்டர், இண்டக்‌ஷன், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் பேட்டரிச் சுற்றில் சேர்க்கவே வேண்டாம்.

பேட்டரியை வைக்கும் இடம்

நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கென்றே மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் ஒதுக்கியிருப்போம். சாதாரண நாளில் வசதிதான். ஆனால் ஏதாவது புகைந்தால், மேலே தூங்குகிறவர்கள் இறங்கி வரும் ஒரே வழி அதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். படுக்கையறையும் வேண்டாம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையும் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பழைய கணக்கு, தகரத்தின் கீழே வெப்பம் நாற்பதைத் தாண்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து வீடுகளுக்குக் கூடுதலாக ஒன்று: ரப்பர் ஷீட் உலர்த்தும் இடத்திலோ, ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன் இருக்கும் அறையிலோ, விறகுப்புரையிலோ பேட்டரியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஷீட் எரியும், ஆசிட் ஆவி செம்பை அரிக்கும்.

காற்றோட்டமுள்ள வராந்தா அல்லது வெளிச்சுவரை ஒட்டிய தனி அறை, சாரல் படாத இடம், தரையிலிருந்து இரண்டடி உயரம். 2021 நவம்பரில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளைப் பார்த்தவர்கள் இரண்டடி போதுமா என்றுகூடக் கேட்பார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். லித்தியப் பெட்டி ஐம்பது கிலோவை நெருங்கும், எனவே ஹாலோ பிளாக் சுவரில் வெறும் ஆணியை நம்பி மாட்டக் கூடாது.

டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய அறையில் அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் விளக்கேற்றுவதும், கொசுவர்த்தி கொளுத்தி வைப்பதும் வேண்டாம் என்பது அதனால்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், செல்போனில் இருக்கும் லித்தியத்தைவிட எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்கவே பிடிக்காது என்பது பொய். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். எனும் காவல் சர்க்யூட் ஒவ்வொரு செல்லையும் கவனித்து, அளவு மீறினால் துண்டிக்கும். பழைய மின்வாகனத்திலிருந்து கழற்றிய செல்களை மலிவாக வாங்கிச் சொந்தமாகப் பெட்டி கட்டும் தம்பிகள் இப்போது ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெட்டி இருக்கும் வீட்டில் நான் தூங்க மாட்டேன்.

நட்டு, கேபிள், ஃபியூஸ்

முதல் ஆண்டில் எங்கள் வீட்டில் நடந்தது. காலையில் சட்னிக்கு மிக்சி ஓடிக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகும் வாடை. பேட்டரிப் பக்கம் போனால், சிவப்புக் கேபிளின் நுனி பழுப்பேறிக் கிடந்தது. பொருத்தியவர்கள் நட்டைக் கையால் திருகியதோடு விட்டிருந்தார்கள், ஸ்பேனர் படவே இல்லை. பார்க்க வந்த ஊர் எலக்ட்ரீசியன் சிரித்துக்கொண்டே, “மாசத்துக்கு ஒருக்க தொட்டுப் பாரு மக்கா, சூடா இருந்தா ஒரு தடவ கூட முறுக்கு” என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. 5 கிலோவாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் 22 ஆம்பியர்தான் ஓடும். அதையே 48 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் நூறு ஆம்பியரைத் தாண்டும். இணைப்பில் வெப்பம் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 100 ஆம்பியர், ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை என்றால் 10 வாட். நட்டு தளர்ந்து தடை பத்து மடங்கானால் 100 வாட், சால்டரிங் அயர்னைவிடச் சூடு, அதுவும் ஒரு விரல்நுனி அளவு இடத்தில். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள், கேபிள் நுனியில் சரியான கருவியால் அழுத்திய லக் (உலோக முனை), கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கு. சுத்தியலால் தட்டி ஒட்டவைத்த லக்கை ஏற்காதீர்கள். தொட்டுப் பார்ப்பது என்றால் மேலுறை உள்ள கேபிளைத்தான். வெறும் முனையைத் தொடுவதல்ல. முறுக்குவதும் எல்லாவற்றையும் அணைத்த பிறகு.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு டி.சி. ஃபியூஸ் வேண்டும். லித்தியம் பெட்டி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். வீட்டு ஃபேனுக்குப் போடும், தானாக விழும் சாதாரண எம்.சி.பி. பிரேக்கர் அதற்கு உதவாது. லைனில் வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் ஸ்விட்சைத் திறந்ததும் பொறி தானாக அணையும். பேனலும் பேட்டரியும் தரும் டி.சி.க்கு அந்த இடைவெளியே இல்லை, பொறி நின்று எரியும். எனவே பேனலுக்கும் பேட்டரிக்கும் டி.சி. என்று முத்திரையிட்ட பிரேக்கர்தான், அதையும் பிளஸ், மைனஸ் மாறாமல் பூட்ட வேண்டும். மாடியில் பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டர் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். பார்க்க ஒட்டுவதுபோல் இருக்கும் வேறு வேறு கம்பெனிச் சோடிகள் உள்ளே சரியாகப் பிடிக்காமல் நாளடைவில் உருகுவது வழக்கமான கோளாறு.

பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியை டேப்பால் சுற்றுங்கள். அது நழுவி இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் வெல்டிங் பார்த்த மாதிரி இருக்கும்.

இடி, உப்பு, தேங்காய்

பேனலைத் தென்னையின் கீழ் வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் பார்த்திருக்கிறேன். தேங்காய் விழாவிட்டாலும் ஓலை நிழலே போதும்: ஒரு பேனலில் விழும் நிழல், வரிசையாகக் கோர்த்த மற்றவற்றின் விளைச்சலையும் இழுத்துவிடும். நம் இடம் பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி வடக்கே. எனவே தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும். மழைத் தண்ணீர் வழிந்து தூசியையும் கழுவிவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றைத் தெரிந்தவர்கள் உயரமான ஸ்டாண்டுக்கு ஆசைப்பட மாட்டார்கள். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிபோல் கடலோரத்தில் சாதாரண இரும்பு ஸ்டாண்டு சில மழைக்காலத்திலேயே துருப்பிடித்துக் கையோடு வரும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்டாண்டு, 316 தர எவர்சில்வர் நட்டு-போல்ட், உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனல், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மலையடிவாரத்தில் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும். இடி நேராக விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீண்ட பேனல் கேபிளில் மின்னழுத்தம் எகிறி இன்வெர்ட்டர் போய்விடும். டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும் எஸ்.பி.டி. எனும் அலைத்தடுப்பான் வைப்பது செலவு குறைந்த காப்பு. அது வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். நம் பக்கத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கோடையில் காய்ந்து எர்த்தைக் கெடுக்கும். குழி தோண்டியதோடு விட்டுவிடாமல், மீட்டரால் அளந்து 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பங்குனியில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் போய்ப் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்றும் எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். சேராமல் தனித்து நின்றால், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கப் போட்ட ஆர்.சி.சி.பி. அந்த நேரத்தில் விழாமல் போகலாம்.

பருவத்துக்கு ஒரு செட்டிங்

பலர் வீட்டில் இன்வெர்ட்டரின் செட்டிங், பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து மாறுவதே இல்லை. நம் மாவட்டத்தில் அது சரிவராது. தை முதல் சித்திரை வரை ‘முதலில் சோலார், பிறகு பேட்டரி, கடைசியில் லைன்’ என்று வைத்து, மாலையில் லித்தியம் பேட்டரியை முப்பது, நாற்பது சதவீதம் வரை இறக்கலாம்; டியூபுலரானால் பாதியோடு நிறுத்த வேண்டும். மறுநாள் வெயில் நிரப்பிவிடும். மழைக்காலத்தில் இதைத் திருப்ப வேண்டும். லைன் இருக்கும்போது லைனில் ஓட்டி, பேட்டரியைத் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாமல் காத்திருப்பில் வைக்க வேண்டும், வெயில் பற்றாவிட்டால் லைனிலிருந்தே சார்ஜ் ஏற்றவும் அனுமதி கொடுக்க வேண்டும். சோலார் வாங்கிவிட்டு ஈபி கரண்டில் சார்ஜ் ஏற்றுவதா என்று கௌரவம் பார்ப்பவர்கள், காற்று எழும்பும் அன்று சாயங்காலம் 35 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேட்டரி வகையும் சரியாக இருக்கட்டும்: லித்தியம் மாட்டிவிட்டு ஈய-அமிலச் செட்டிங்கில் விட்டால் அளவு மீறிய வோல்ட்டேஜில் பி.எம்.எஸ். அடிக்கடி துண்டித்துக்கொண்டே இருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது என் வழக்கம். நட்டுகள், டியூபுலராக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் அளவு (கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது), எஸ்.பி.டி.யின் சின்ன ஜன்னல் பச்சையா சிவப்பா, பேனல்மேல் காகம் போட்ட எச்சம். இன்வெர்ட்டருக்குள் பல்லி நுழையும் ஓட்டைகளையும் வலைத்துணியால் அடைத்துவிடுவேன், காற்றுப் போக வழிவிட்டு. சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் செத்துப்போன இன்வெர்ட்டர் போர்டுகளில் பாதி பல்லிக் கணக்கில்தான் வரும்.

புகையோ கருகல் வாடையோ வந்தால் இன்வெர்ட்டர், பேனல் பிரேக்கர், பேட்டரி பிரேக்கர் என்ற வரிசையில் அணைக்க முடிந்தால் அணையுங்கள். பேட்டரியே புகைந்தால் கிட்டப் போகவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு 101க்கு அழைத்து, மாடியில் பேனலும் கீழே பேட்டரியும் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பகலில் பேனல் கேபிளில் எப்போதும் கரண்ட் இருக்கும், அதை அணைக்க வெயிலை அணைத்தால்தான் உண்டு.

வெள்ளம் புகுந்து வடிந்த வீட்டில் உடனே எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் பட்ட இன்வெர்ட்டரும் பேட்டரியும் வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சேறு இருக்கும். எலக்ட்ரீசியன் பார்த்து முடித்த பிறகு, முதலில் பேட்டரி பிரேக்கர், அப்புறம் பேனல், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் ஒவ்வொரு விளக்காக.